கேள்வி கேட்கப் பட்டம் தேவையா?

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிற்குச் சென்றிருந்தேன். காலையில் பசியாறுவதற்கு முன் பாட்டியின் கை நடுங்குவதையும் நெற்றி வியர்த்திருப்பதையும் கவனித்தேன். கேட்டால், "வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துவிடுவார். மூன்றாவது நாளும் அப்படியே இருந்ததால், வீட்டில் இருந்த இனிப்புநீர் பரிசோதனைக் கருவியை எடுத்துப் பார்த்தேன். 3.3 என்று காட்டியது. நான்குக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்பது அந்தக் கருவியின் கையேட்டிலேயே இருக்கிறது. உடனே சீனி கலந்த தேநீர் கொடுத்துவிட்டு, பாட்டியின் மருந்துப் பைகளை எடுத்து மேசையில் கொட்டினேன்.

இரண்டு பைகள் இருந்தன. ஒன்று, பாட்டி வழக்கமாகப் போகும் அரசாங்க கிளினிக்கில் கொடுத்தது. மற்றொன்று, போன மாதம் அத்தை வீட்டில் தங்கியிருந்தபோது மருந்து தீர்ந்துபோனதால் தனியார் கிளினிக் ஒன்றில் வாங்கியது. ஒரு பையில் மருந்தின் பொதுப்பெயர் இருந்தது. மற்றதில் அதைத் தயாரித்த நிறுவனம் வைத்த வணிகப் பெயர் இருந்தது. நிறமும் அளவும் வேறு வேறு. ஆனால் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்துகளைப் படித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே சொல்: கிளிக்லசைட். பாட்டி ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் இரட்டிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று அந்தத் தனியார் மருத்துவர் மலாயில் கேட்டிருக்கிறார். பாட்டி தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் எதைக் கொடுத்தாலும் மறுபேச்சு இல்லாமல் குடித்த தலைமுறை அது. பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பையில் இருந்த எழுத்துகளோ மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன.

நான் சொன்னதைக் கேட்ட மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர் கொடுத்த மருந்துல நீ கை வைக்காதே. நீ படிக்கிறது கணக்கியல். நீ என்ன டாக்டரா?" என்றார்.

மாமாவின் அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மருத்துவம் படிக்காத ஒருவர் மருத்துவத்தைப் பற்றி வாய் திறக்கலாமா?

அன்று நான் எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு பாட்டியோடு கிளினிக்கிற்குப் போனேன். மருந்தாளரிடம் காட்டி, "இவை இரண்டும் ஒன்றுதானா?" என்று மட்டும் கேட்டேன். அவர் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். உடனே மருத்துவரை அழைத்தார். ஒரு மருந்து அன்றே நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்தில் பாட்டியின் கை நடுக்கம் நின்றது.

வெந்தயக் காணொலி

இதை வாசித்துவிட்டு என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் நியாயம்.

படிவம் ஆறில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் புலனத்தில் ஒரு காணொலி வந்தது. வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் மூன்று மாதத்தில் இனிப்புநீர் மாத்திரைக்கே விடை கொடுத்துவிடலாம் என்று ஒருவர் அழகான தமிழில் பேசியிருந்தார். நான் முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல தகவல், எல்லாரும் பாருங்க" என்று எழுதிக் குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டேன். எனக்கு அது அரை நிமிட வேலை.

சின்னம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு மாதம் கழித்து மயக்கமாக இருக்கிறது என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவருடைய அளவு 24. நான்கு நாள் வார்டில் இருந்தார். நான் பார்க்கப் போனபோது சின்னம்மா என்னைத் திட்டவில்லை. "படிச்ச பிள்ளை அனுப்பினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு எந்தப் பட்டமும் இல்லாத காலம் அது. ஆனால் வீட்டில் எல்லாரும் எனக்கு ஒரு பட்டம் கொடுத்து வைத்திருந்தார்கள். "படிச்ச பிள்ளை" என்பதுதான் அந்தப் பட்டம். இதை வாசிக்கும் மாணவர்களில் பலருக்கும் உங்கள் வீட்டில் இந்தப் பட்டம் கிடைத்திருக்கும். அதன் கனம் நமக்குத் தெரிவதில்லை.

ஆக, பட்டமில்லாத நான் இரண்டு முறை மருத்துவம் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒரு முறை அது பாட்டிக்கு உதவியது. ஒரு முறை சின்னம்மாவை வார்டில் படுக்க வைத்தது. இரண்டு முறையும் பேசியவள் ஒருத்திதான். எந்த முறையும் எனக்கு மருத்துவம் தெரியாது. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

பாட்டி விஷயத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். பதில் தெரிந்தவரிடம் கேள்வியாகக் கேட்டேன். சின்னம்மா விஷயத்தில் நான் சரிபார்க்காத ஒரு பதிலை, அதைச் சரிபார்க்க வழியில்லாத ஒருவர் கையில் கொடுத்தேன். உலகில் நடந்த சில நிகழ்வுகளைத் தேடிப் படித்தபோது, இந்த வேறுபாடு எங்கள் வீட்டோடு நிற்கவில்லை என்று தெரிந்தது.

பெற்றோரின் குரல் விதியானது

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு ராயன் சாண்டர்ஸ் என்ற சிறுவன் மருத்துவமனையில் உயிரிழந்தான். அவனுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. கிருமித் தொற்று உடல் முழுவதும் பரவியிருந்தது. மகனின் நிலை மோசமாகிக்கொண்டே போகிறது என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலைக்கு உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று அவர்கள் உணர்ந்தார்கள். அந்த மரணம் பெரும்பாலும் தடுத்திருக்கக் கூடியது என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

இதன் பிறகு அம்மாநில சுகாதாரத் துறை "ராயன் விதி" என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தினர் கருதினால் முதலில் தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். திருப்தி இல்லையென்றால் பொறுப்பில் உள்ள தாதியிடம் சொல்லலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்து மறுபரிசோதனை கோரலாம். இங்கிலாந்தில் மார்த்தா என்ற 13 வயதுச் சிறுமி 2021இல் இறந்த பிறகு, அவளுடைய பெற்றோரின் முயற்சியால் இதே போன்ற ஒரு நடைமுறை 2024 முதல் மருத்துவமனைகளில் அறிமுகமானது.

ராயனின் பெற்றோர் நோயின் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்பதற்காக இந்த விதி வரவில்லை. "எங்கள் பிள்ளை வழக்கம்போல் இல்லை" என்பதைப் பெற்றோரைவிட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் வந்தது. மருத்துவர் ஒரு நோயாளியைச் சில நிமிடங்கள் பார்க்கிறார். அம்மா இருபத்து நான்கு மணி நேரமும் பார்க்கிறார். இரண்டும் இரண்டு வகையான அறிவு.

மருத்துவர் தவறினார், நிருபர் கேட்டார்

பட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் மற்ற சிலரோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 12 பிள்ளைகளை மட்டுமே வைத்துச் செய்த அந்த ஆய்வு, தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தைக் கிளப்பியது. பெற்றோர் பலர் தடுப்பூசி போடத் தயங்கினார்கள்.

அந்த ஆய்வில் இருந்த முறைகேடுகளை 2004 முதல் வெளிக்கொண்டு வந்தவர் பிரையன் டீர். அவர் மருத்துவர் அல்லர், பத்திரிகை நிருபர். "எனக்கு மருத்துவம் உங்களைவிட நன்றாகத் தெரியும்" என்று அவர் வாதாடவில்லை. கட்டுரையில் எழுதியிருந்ததையும் அந்தப் பிள்ளைகளின் உண்மையான பதிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார். 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

சொன்னவர் யார் என்பதைவிடச் சொன்னதில் உண்மை உண்டா என்று பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். நாமெல்லாம் தமிழ்ப்பள்ளியிலேயே அந்தக் குறளை மனனம் செய்துவிட்டோம். மருத்துவ விஷயத்தில் அதை இரண்டு பக்கமும் பயன்படுத்த வேண்டும். பட்டம் இல்லாதவர் சொன்னார் என்பதற்காக ஒதுக்கவும் கூடாது. பட்டம் இருப்பவர் சொன்னார் என்பதற்காக அப்படியே விழுங்கவும் கூடாது.

நம் நாட்டில் பேசியவர்கள்

மலேசியாவிலும் இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்த எஸ்.எம்.முகமது இட்ரிஸ் ஒரு வணிகர், மருத்துவர் அல்லர். ஆனால் சீனி, புகையிலை, உணவில் கலக்கப்படும் பொருள்கள் என்று மக்களின் உடல்நலத்தைப் பற்றி அவரும் அவருடைய சங்கமும் ஓயாமல் பேசினார்கள். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்களுக்காகத் தமிழிலும் எழுதினார்கள். இட்ரிஸ் 2019ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி நடைமுறைக்கு வந்தது.

எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் முகம் சுளித்த 1990களில், மரினா மகாதீர் மலேசிய எய்ட்ஸ் மன்றத்திற்குத் தலைமையேற்றுப் பத்தாண்டுகளுக்கும் மேல் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அவரும் மருத்துவர் அல்லர். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. அது மருத்துவர்களும் தாதியரும் உழைத்துப் பெற்ற சாதனை. ஆனால் வெட்கத்தையும் பயத்தையும் குறைக்கப் பேசியவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

மாமா சொன்னதிலும் நியாயம் உண்டு

இதையெல்லாம் சொல்லி, "எல்லாரும் எதையும் பேசலாம்" என்று முடித்துவிட முடியாது. 2016இல் நம் நாட்டில் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் தலைதூக்கியது. தடுப்பூசி போடாத பிள்ளைகள் உயிரிழந்தார்கள். 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு இளம்பிள்ளைவாதம் கண்டறியப்பட்டது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவில் அதுதான் முதல் சம்பவம். ஒரு வட்டாரத்தில் போதுமான பேர் தடுப்பூசி போடாவிட்டால் இத்தகைய நோய்கள் திரும்பி வரும். தடுப்பூசி வேண்டாம் என்று பேசுபவர்களில் எத்தனையோ பேர் உண்மையான அக்கறையோடுதான் பேசுகிறார்கள். வெந்தயக் காணொலியை நானும் அக்கறையோடுதான் அனுப்பினேன்.

மருத்துவர் ஒருவர் ஐந்தாண்டுகள் படித்து, பிறகு அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக வேலை செய்து, மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பிறகே சுயமாகச் சிகிச்சை அளிக்க முடியும். அவர் தவறு செய்தால் கேள்வி கேட்க 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் இருக்கிறது. வேக்ஃபீல்டின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடிந்தது. ஆனால் நான் அந்தக் காணொலியைப் பகிர்ந்ததற்கு என் பெயரை எங்கிருந்து நீக்குவது? எனக்கு எந்த இழப்பும் இல்லை. இழப்பு சின்னம்மாவுக்கு. பட்டத்தின் மதிப்பு படிப்பில் மட்டும் இல்லை, பொறுப்பேற்பதிலும் இருக்கிறது. மாமா கேட்ட கேள்வியின் நியாயம் இங்கேதான் எனக்குப் புரிந்தது.

பொருளை விற்பதற்காகப் பேசுபவர்கள் வேறு இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டப்படி, இனிப்புநீர், புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களையும் பாதிப்புகளையும் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் மருந்துகளை விளம்பரம் செய்ய முடியாது. அப்படி விளம்பரம் கண்ணில் பட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. நம் நாட்டில் பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு மருந்திலும், பாரம்பரிய மருந்து உட்பட, 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டினால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். "முழுக்க மூலிகை" என்று விற்கப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துபோகிறது என்றால், ஏன் பறக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

எல்லையை எங்கே போடுவது?

என் இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் எனக்கு வகுத்துக்கொண்ட சில வழிகள் இவை.

பார்த்ததைச் சொல்லலாம். "பாட்டிக்குக் காலையில் கை நடுங்குகிறது, மூன்று நாளாக வியர்க்கிறது" என்று சொல்ல யாருக்கும் பட்டம் தேவையில்லை. எத்தனை நாள், எந்த நேரம், சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று குறித்து வைத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கேள்வி கேட்கலாம். இந்த மருந்து எதற்கு, எத்தனை நாள், ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேருமா, என்ன அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்? இந்த நான்கு கேள்விகளையும் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். மருத்துவருக்கு நேரம் இல்லையென்றால் மருந்தாளரிடம் கேட்கலாம். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், மூலிகைப் பொடியைக்கூட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது.

பொதுநலனுக்காகப் பேசலாம். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் விற்கப்படும் இனிப்புப் பானத்தைப் பற்றியோ, சக்கர நாற்காலி ஏற வழியில்லாத கிளினிக் வாசலைப் பற்றியோ பேச நம் எல்லாருக்கும் உரிமை உண்டு.

ஆனால் மூன்றைச் செய்யக் கூடாது: நோய்க்குப் பெயர் வைப்பது, மருந்தின் அளவை மாற்றச் சொல்வது, மருந்தை நிறுத்தச் சொல்வது. "எனக்கு இது பலன் தந்தது" என்பது என் அனுபவம். "நீங்களும் இதைச் சாப்பிடுங்கள்" என்றால் அது மருத்துவ ஆலோசனை. முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதுக்கு நாம் நம்மை அறியாமலேயே தாவிவிடுகிறோம்.

நமக்கு ஒரு வேலை இருக்கிறது

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குச் சுகாதாரத் தகவல்களைப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறன் குறைவாக இருப்பதாகவும் அதே ஆய்வு காட்டியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் தாத்தா பாட்டிகளின் நிலைமை புரியும்.

சுகாதார அமைச்சின் மருந்தாளர்கள் "கெனாலி ஊபாட் அண்டா", அதாவது "உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்" என்ற இயக்கத்தை நடத்துகிறார்கள். அதில் மருத்துவம் படிக்காத பொதுமக்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்களைத் தூதுவர்களாகத் தங்கள் வட்டாரத்திற்கே அனுப்புகிறார்கள். பட்டமில்லாதவரின் குரல் தேவை என்பதை அமைச்சே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் குரல் பயிற்சி பெற்றதாகவும் எல்லை அறிந்ததாகவும் இருக்க வேண்டும்.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் நாம். பாட்டியின் மருந்துப் பையில் உள்ளதைத் தமிழில் சொல்ல நம்மால் முடியும். பாட்டி தமிழில் சொல்வதை மருத்துவரிடம் மலாயில் சொல்லவும் முடியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பாட்டி சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். நாம் நினைப்பதைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. அடுத்த முறை பாட்டி கிளினிக்கிற்குப் புறப்படும்போது, கைப்பேசியை வைத்துவிட்டுக் கூடப் போய்ப் பாருங்கள்.

சின்னம்மா வீட்டிற்கு வந்த பிறகு அதே குடும்பக் குழுவில், "நான் அனுப்பிய காணொலி தவறு, யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்" என்று எழுதினேன். பகிர அரை நிமிடம் ஆன எனக்கு, அந்த வரியை எழுத இரண்டு நாள் ஆனது. இப்போதெல்லாம் சின்னம்மா தனக்கு வரும் சுகாதாரச் செய்திகளைக் குழுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பி, "இது உண்மையாம்மா?" என்று கேட்கிறார். பெரும்பாலும் என் பதில் ஒன்றுதான்: "எனக்குத் தெரியல சின்னம்மா. அடுத்த தடவை கிளினிக்ல ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம்."

அடுத்த மாதம் 14ஆம் தேதி சின்னம்மாவுக்குக் கிளினிக் முறை. நானும் போகிறேன். கேள்விகளை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.